வார்டில் கற்பிக்க வேண்டிய பேச்சு: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



மருத்துவ மாணவர் ஒருவர் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பரிசோதிக்கக் கற்கும்போது, கையை எந்தப் பக்கத்தில் முதலில் வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், அழுத்தும்போது நோயாளியின் முகத்தை ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பவற்றை ஆசிரியர் உடனிருந்து காட்டுகிறார். மாணவர் செய்வதைக் கவனித்து, தவறும் இடத்தில் அவர் கையையே பிடித்துத் திருத்துகிறார். அதே மாணவர் அதே நோயாளியிடம் எவ்வாறு பேசினார், எங்கே குறுக்கிட்டார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை ஆசிரியர் பெரும்பாலும் நேரில் பார்ப்பதில்லை. பேச்சு முடிந்த பின், கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோய் வரலாறு மட்டுமே அவர் முன் வாசிக்கப்படுகிறது. நோயாளியிடம் பேசும் திறனும் ஆசிரியரின் கண்முன் செய்து, திருத்தப்பட்டு, மீண்டும் செய்து கற்க வேண்டிய திறன் என்பதும், அதற்குரிய வகுப்பறை வார்டும் ஓ.பி.யும் என்பதும், அதற்குரிய மொழி நோயாளியின் மொழியான தமிழ் என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்துகள்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-இல் 'ஏட்காம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாடத்தொகுதியை வெளியிட்டது. மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகிய மூன்றையும் 27 பகுதிகளாக்கி முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை பரப்பி வைத்த இத்தொகுதி, 2019-இல் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு, திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டத்தோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. 2020 செப்டம்பரில் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்த பின்னும் தொடர்கிறது. இந்திய மருத்துவப் பட்டதாரி ஐந்து பொறுப்புகளுக்குத் தகுதி பெற வேண்டும் என்று அப்பாடத்திட்டம் வரையறுத்தது: சிகிச்சை அளிப்பவர், குழுவை வழிநடத்துபவர், பிறரோடு தொடர்பாடுபவர், வாழ்நாள் முழுதும் கற்பவர், தொழில் ஒழுக்கம் காப்பவர். பேச்சை மருத்துவரின் தனிப்பட்ட குணமாகக் கருதிவந்த ஒரு கல்விமுறை அதைக் கற்பிக்கத்தக்க தகுதியாக ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம்; காலம் தாழ்ந்து வந்தாலும் வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆயினும், அத்தொகுதி கையாளப்படும் விதத்தில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. விரிவுரை மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு ஒரே நேரத்தில் நடத்துவது எளிது என்பதால் பல பகுதிகள் விரிவுரையாகவே நடந்து முடிகின்றன. வருகைப் பதிவேட்டிலும் மாணவரின் பயிற்சிக் குறிப்பேட்டிலும் கையொப்பம் விழுந்ததும் பாடம் நிறைவுற்றதாகக் கொள்ளப்படுகிறது. எழுத்துத் தேர்வில் இத்தொகுதி சார்ந்த வினா ஒன்றாவது இடம்பெற வேண்டும் என்ற விதியும், நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதே எனினும், மாணவரின் கவனத்தை நோயாளியின் கட்டிலிலிருந்து விடைத்தாளுக்குத் திருப்பிவிடுகிறது. கெட்ட செய்தி சொல்வதன் ஆறு படிகளை வரிசை மாறாமல் எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், ஓராண்டுக்குப் பின் ஹவுஸ் சர்ஜனாக நள்ளிரவில் ஒரு குடும்பத்தின் முன் நிற்கும்போது, அந்த ஆறில் ஒன்றையேனும் அவர் முன்பு செய்து பார்த்ததில்லை, பிறர் செய்து கண்டதும் இல்லை என்ற நிலை இருக்குமானால், அவருக்கு அப்பாடம் கற்பிக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பேச்சுத் திறன் பிறவியில் வருவது, அல்லது பல ஆண்டு அனுபவத்தில் தானாக வருவது என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதால், அதைச் சான்றுகளோடு எதிர்கொள்வது தேவையாகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் மகுவயர் என்ற மனநல மருத்துவர், மாணவர்கள் நோயாளிகளோடு பேசுவதை ஒளிப்பதிவு செய்து, பின்னர் அவர்களோடு அமர்ந்து பார்த்து, குறைநிறைகளை எடுத்துச் சொல்லும் பயிற்சியை 1970-களில் நடத்தினார். அவ்வாறு பயிற்சி பெற்றவர்கள் பட்டம் பெற்று மருத்துவர்களான பின்னும், பயிற்சி பெறாத சகாக்களைவிட நோய் வரலாறு கேட்பதில் மேம்பட்டிருந்தார்கள் என்று 1986-இல் வெளியான தொடராய்வு காட்டியது. அதே ஆய்வின் மற்றொரு பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது: நோயாளிக்கு விளக்கம் சொல்வதில் இரு குழுவினருமே பின்தங்கியிருந்தார்கள், ஏனெனில் அத்திறன் எவருக்கும் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. கேட்கக் கற்றவர் விளக்கவும் தானாகக் கற்றுவிடுவார் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது.

அனுபவம் ஒன்றே போதும் என்ற கருத்தையும் ஆய்வுகள் ஏற்கவில்லை. லெஸ்லி ஃபாலோஃபீல்ட் குழுவினர் பிரிட்டனின் 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 புற்றுநோய் மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாள் செய்முறைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் திறந்த வினாக்களும் பரிவான மறுமொழிகளும் கூடின. தங்கள் பேச்சைப் பற்றிய எழுத்து வடிவக் கருத்துரை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. இவர்கள் பல்லாண்டு அனுபவம் உடைய மருத்துவர்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கனடாவில் உரிமம் பெறுவதற்கான செய்முறைத் தேர்வில் நோயாளியோடு பேசும் பகுதியில் குறைந்த மதிப்பெண் பெற்ற மருத்துவர்கள் மீது, பின்னாளில் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் ஒழுங்காற்று அமைப்புகளுக்குச் சென்ற புகார்கள் அதிகமாக இருந்தன என்று 2007-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பேச்சை அளக்க முடியும், அந்த அளவுக்கு எதிர்காலத்தைச் சுட்டும் ஆற்றலும் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நோய் வரலாறு கேட்பதே மருத்துவப் பேச்சின் அடித்தளம். இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்பவரும் சகாக்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளில் 66 பேருக்குப் பரிந்துரைக் கடிதத்தையும் நோய் வரலாற்றையும் கொண்டே சரியான நோயறிதல் கிட்டிவிட்டது. உடற்பரிசோதனையும் ஆய்வகப் பரிசோதனையும் எஞ்சிய சிலருக்கே முடிவை மாற்றின. ஸ்கேன் கருவிகள் பெருகிய பின் இவ்விகிதம் மாறியிருக்கலாம் எனினும், எந்த ஸ்கேன் தேவை என்பதை முடிவு செய்வதும் நோயாளியின் சொல்லே. அச்சொல்லுக்கு மருத்துவர்கள் தரும் இடமோ மிகக் குறுகியது. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கியபின் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். ஆராயப்பட்ட 74 சந்திப்புகளில் 17-இல் மட்டுமே நோயாளி தாம் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தார். குறுக்கிடாவிட்டால் நோயாளி முடிவின்றிப் பேசிக்கொண்டே போவார் என்ற அச்சத்தைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளிடம் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வு நீக்கியது: தடையின்றிப் பேச விடப்பட்ட நோயாளிகள் சராசரியாக 92 நொடிகளில் தாமாகவே பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டு ஓ.பி.யின் நெருக்கடியில் 92 நொடியும் பெரிது என்று சொல்லப்படலாம். முதன்மை நிலை மருத்துவச் சந்திப்பு வங்கதேசத்தில் சராசரியாக 48 நொடியும் ஸ்வீடனில் 22.5 நிமிடமும் நீள்கிறது என்றும், இந்தியாவில் அது ஏறத்தாழ 2 நிமிடமே என்றும் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த 2017 ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. இந்த 2 நிமிடத்தைப் பயிற்சி மருத்துவரால் நீட்ட முடியாது. காத்திருக்கும் வரிசையும் ஆள் பற்றாக்குறையும் அவர் கையில் இல்லை. ஆனால், அந்த 2 நிமிடத்தின் தொடக்கத்தில் "என்ன செய்யுது, சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டு, சீட்டில் எழுதாமல், நோயாளியின் முகத்தைப் பார்த்து அரை நிமிடம் பேசாமல் இருப்பது அவர் கையில்தான் இருக்கிறது. குறுகிய நேரம் பயிற்சியின் தேவையைக் கூட்டுகிறது. நீண்ட நேரம் வாய்த்தவர் தவறான வினாவைத் திருத்திக்கொள்ளலாம், 2 நிமிடம் மட்டுமே உள்ளவருக்கு அந்த வசதி இல்லை.

இக்கேட்டலில் மொழிக்கு உள்ள இடத்தைப் பாடத்திட்டம் போதிய அளவு கருதவில்லை. 'மயக்கம்' என்று ஒரு நோயாளி சொல்லும்போது, நினைவிழந்து விழுந்ததையோ, உலகமே சுற்றுவதான உணர்வையோ, கண் இருட்டிக்கொண்டு வருவதையோ, வெறும் அசதியையோ அவர் குறிக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு உறுப்பை நோக்கி மருத்துவரை அழைத்துச் செல்லும். 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி வருபவருக்கு மாரடைப்பு இருக்கலாம் என்பதை அறியாத பயிற்சி மருத்துவர் அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை எழுதி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. குடைச்சல், மதமதப்பு, இளைப்பு, கிறுகிறுப்பு, வெள்ளைப்படுதல் போன்ற சொற்களால் தமிழ் நோயாளி தம் உடலை நுட்பமாக விவரிக்கிறார். மாணவர் அவற்றை உடனடியாக ஆங்கிலக் கலைச்சொல்லாக மாற்றிக் கேஸ் ஷீட்டில் எழுதும்போது, நோயாளி சொன்னதும் மருத்துவர் ஊகித்ததும் ஒன்றாகக் கலந்து, பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாமற் போகின்றன. நோயாளியின் முதன்மைக் குறையை அவர் சொன்ன தமிழ்ச் சொற்களிலேயே தமிழ் எழுத்தில் முதல் வரியாக எழுதிவிட்டு, அதன்கீழ் கலைச்சொல்லை எழுதும் வழக்கத்தை ஒரு யூனிட் தொடங்கினால், அதற்குச் செலவு ஏதும் இல்லை.

இம்முயற்சிக்குத் தமிழில் முன்னோடி ஒருவர் உண்டு. 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், ஊர் மக்களிடையே தங்கி அவர்கள் மொழியில் மருத்துவம் செய்யும் மருத்துவர்களை உருவாக்க விரும்பித் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டு, உடற்கூற்றியல் உள்ளிட்ட துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். முழு மருத்துவக் கல்வியையும் தமிழுக்கு மாற்றுவது குறித்த விவாதம் இம்மடலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நோயாளியோடு பேசும் பயிற்சியேனும் நோயாளியின் மொழியில் நடக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டின் வழியே அரசுக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 விழுக்காடும் முதுநிலை இடங்களில் பாதியும் நிரப்பப்படுவதால், தமிழ் அறியாத மாணவர்களும் வார்டுகளில் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்குச் செவிலியரும் சக மாணவருமே மொழிபெயர்ப்பாளர்கள். அறிமுகப் பயிற்சிக் காலத்தில் உள்ளூர் மொழிப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே உள்ளது. அதை எழுத்துக்கூட்டி வாசிப்பதோடு நிறுத்தாமல், வலி, வாந்தி, மாதவிலக்கு, மூச்சுத்திணறல் பற்றிக் கேட்கவும் பதிலைப் புரிந்துகொள்ளவும் உதவும் பயிற்சியாக ஆக்குவது துறைகளின் பொறுப்பு.

தமிழில் ஒருவரை எவ்வாறு விளிப்பது என்பதும் இங்கே சேர்த்துப் பேசப்பட வேண்டும். ஆங்கிலப் பாடநூல்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லா, ஏனெனில் அம்மொழியில் இச்சிக்கல் எழுவதில்லை. அறுபது வயதுக் கூலித் தொழிலாளியை இருபத்து மூன்று வயது மருத்துவர் 'நீ', 'வா', 'படு' என்று ஒருமையில் அழைப்பதும், நன்கு உடுத்து வந்தவரை 'நீங்கள்', 'சார்' என்று அழைப்பதும் அரசு மருத்துவமனைகளில் காணக்கூடிய வழக்கம். விளிப்பு வேறுபடும்போது நோயாளி தம் வர்க்கத்தையும் சாதியையும் அதில் கேட்டுக்கொள்கிறார். அதன்பின் அவர் கேள்வி கேட்பதில்லை, புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதும் இல்லை. 'ஐயா', 'அம்மா', 'பாட்டி', 'அண்ணா' என்ற உறவுச்சொற்களும் பன்மை வினைமுற்றும் எல்லா நோயாளிக்கும் உரியவை என்பதை ஆசிரியர் விதியாகவே வகுக்கலாம். பிரசவ வார்டில் இது இன்னும் அவசரமானது. வலியில் கதறும் பெண்ணைத் திட்டி அடக்குவது சிகிச்சையின் ஒரு பகுதியே என்று எண்ணிப் பழகிய சூழலில் மாணவர்கள் கற்கிறார்கள். பிரசவத்தின்போது நிகழும் அவமதிப்பும் வசைமொழியும் பெண்களின் உரிமைகளை மீறுவன என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் அறிவித்தது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் மரியாதையான மகப்பேற்றுப் பராமரிப்பைத் தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டது. இவ்வளவுக்குப் பின்னும் பிரசவ வார்டின் வசைச்சொல் ஒரு பயிற்சி மருத்துவரின் காதில் இயல்பானதாக விழுமானால், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அங்கே மூத்தவர்களாக நிற்பவர்கள்.

நோயாளிக்கு விளக்கம் சொல்வது கேட்பதினும் கடினமான திறன். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மாத்திரை தொடங்கும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லப்படாத நோயாளி, மறுநாள் அந்நிறத்தைக் கண்டு, இரத்தம் போகிறது என்று அஞ்சி மருந்தை நிறுத்திவிடலாம். இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகும் என்று அறியாத கர்ப்பிணியின் நிலையும் அதுவே. இன்சுலினைக் கடைசிக் கட்ட மருந்து என்று அஞ்சுவோரும், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரைப் பழகிவிட்டால் விட முடியாது என்று ஒதுக்குவோரும் ஏராளம். அவ்வச்சத்தை அவர்கள் தாமாக வெளியிட மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். நீண்டகால நோய்களுக்கான மருந்தை விதிப்படி உட்கொள்வோர் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் கணித்தது. தமிழ் நோயாளி தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி பத்தியம் பற்றியது: என்ன சாப்பிடலாம், எதை விலக்க வேண்டும்? 'எல்லாம் சாப்பிடலாம்' என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிடும் மருத்துவர், தம் சிகிச்சையில் நோயாளி பங்கேற்க முன்வந்த தருணத்தைத் தவறவிடுகிறார்.

விளக்கம் புரிந்ததா என்பதை அறிய 'புரிந்ததா?' என்று கேட்பது பயனற்றது, ஏனெனில் மரியாதைக்காகவே நோயாளி தலையசைப்பார். 'வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், சொல்லிப் பாருங்கள்' என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே விளக்கத்தைத் திரும்பப் பெறும் முறை பல நாடுகளில் முறையான பயிற்சியாக உள்ளது. நாய்க்கடிக்குப் பின் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில் போடப்பட வேண்டும் என்றால், பூஜ்யமாம் நாள் என்பது எது என்று நோயாளிக்கு விளங்காது. நாட்காட்டித் தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அவற்றை அவரையே வாசித்துக் காட்டச் சொல்வது ஒரு நிமிட வேலை. ரேபிஸ் வந்தபின் காப்பாற்ற மருந்து இல்லாத நிலையில், அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பை மாணவருக்கு விளக்க வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

கெட்ட செய்தி சொல்வதற்கான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையை வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000-இல் வெளியிட்டார்கள். தனிமையான இடத்தை ஏற்பாடு செய்து அமர்தல், நோயாளி ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்று கேட்டறிதல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டு இசைவு பெறுதல், செய்தியைச் சிறு சிறு பகுதிகளாக எளிய சொற்களில் சொல்லுதல், எழும் உணர்ச்சியைக் கவனித்து மறுமொழி தருதல், அடுத்துச் செய்ய வேண்டியதைச் சேர்ந்து திட்டமிடுதல் என்பன அப்படிகள். இம்முறை வட அமெரிக்காவில் உருவானது. அங்கே மருத்துவர் நோயாளியோடு நேராகப் பேசுவது விதி. தமிழ்நாட்டில் மருத்துவரின் அறைக்குள் முதலில் வருபவர் மகனோ மருமகனோ. அவருடைய முதல் வேண்டுகோள், 'அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லிவிடாதீர்கள்' என்பது. இதைச் சதியாகக் கருதி மறுப்பதும், வழக்கமாகக் கருதி அப்படியே ஏற்பதும் தவறு. அன்பினால் எழும் அவ்வேண்டுகோளுக்கு முதலில் காது கொடுத்து, அப்பா ஏற்கெனவே என்ன ஊகித்திருப்பார் என்று குடும்பத்தினரையே கேட்டு, மறைப்பதன் சுமை நாளடைவில் யார் மீது விழும் என்று அவர்களோடு சேர்ந்து சிந்தித்து, பின்னர் நோயாளியிடம் தனியே, 'உங்கள் நோயைப் பற்றி நீங்கள் அறிய விரும்புகிறீர்களா, வீட்டாரிடம் சொன்னால் போதுமா' என்று கேட்பதே பயிற்றுவிக்க வேண்டிய வழி. அறிய விரும்பவில்லை என்று நோயாளியே சொல்வாரானால் அதுவும் அவருடைய முடிவு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் இத்தகைய உரையாடல்களைக் கேரளத்தில் மருத்துவப் பயிற்சியின் பகுதியாக்கியது. தமிழ்நாட்டுப் பயிற்சிக்கு அது வெளிநாட்டு நூல்களைவிட நெருக்கமான முன்மாதிரி.

இதே நுட்பம் உறுப்புக்கொடை பற்றிய உரையாடலில் தமிழ்நாட்டிலேயே வளர்ந்திருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் மார்பு வென்டிலேட்டரால் ஏறி இறங்குகிறது, உடல் சூடாக இருக்கிறது, திரையில் இதயத்துடிப்பு தெரிகிறது. அந்நிலையில் இறந்துவிட்டார் என்பதைக் குடும்பம் ஏற்பது எளிதன்று. மூளைச்சாவை விளக்கிச் சொல்வதையும் உறுப்புக்கொடை கேட்பதையும் ஒரே மூச்சில் செய்யாமல், முதல் செய்தி மனத்தில் இறங்க இடைவெளி விட்டு, பயிற்சி பெற்ற வேறொருவர் இரண்டாவதைப் பேசுவது இங்கே பின்பற்றப்படும் முறை. 1997-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மோகன் அறக்கட்டளை இதற்கான ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது; 2008-இல் மாநில அரசு வகுத்த நெறிமுறைகளும் அதற்குத் துணைநின்றன; உறுப்புக்கொடையில் தமிழ்நாடு நாட்டின் முன்னணியில் நிற்கிறது. துயரத்தின் உச்சத்தில் இருக்கும் குடும்பத்தோடு பேசும் திறனைக் கற்பிக்க முடியும் என்பதற்கும், கற்பித்தால் பிற உயிர்கள் பிழைக்கும் என்பதற்கும் தொலைதூரச் சான்று தேட வேண்டியதில்லை. அத்திறன் ஒருங்கிணைப்பாளரோடு நின்று, அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் முதுநிலை மாணவரைச் சென்றடையாதிருப்பது பெரும் இழப்பு.

அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் பெறுவதும் பேச்சுத்தான். கையொப்பம் அதன் இறுதித் தடயம் மட்டுமே. நோயறிவதற்கென நோயாளி தந்த ஒப்புதல் உறுப்பை அகற்றும் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றும், தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கும் வயது வந்த நோயாளிக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாய் தரும் ஒப்புதல் செல்லாது என்றும் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு மருத்துவச் சட்டப் பாடத்தில் கற்பிக்கப்படுகிறது. ஆயினும், ஒப்புதல் படிவத்தோடு முந்திய இரவு நோயாளியிடம் அனுப்பப்படுபவர் பெரும்பாலும் யூனிட்டில் மிக இளையவரான ஹவுஸ் சர்ஜன். அந்த அறுவைச் சிகிச்சையை அவர் முன்பு கண்டிருக்கவும் வாய்ப்பில்லை. அவரால் எதை விளக்க முடியும்?

அவசர சிகிச்சைப் பிரிவில் மரணச் செய்தியைச் சொல்ல அனுப்பப்படுபவரும் பல வேளைகளில் அவரே. மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-இல் தனிச் சட்டம் இயற்றியது; மருத்துவரைத் தாக்குவது குற்றம், எந்தத் துயரமும் அதற்கு நியாயமாகாது. அச்சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்துவதும், போதிய காவலர்களை அமர்த்துவதும், வேலைநேரத்தைக் குறைப்பதும் அரசின் கடமைகள். பயிற்சி மருத்துவரின் பேச்சுக்குறையைக் காட்டி அக்கடமைகளைத் தட்டிக்கழிக்க முடியாது. அதே வேளையில், பல மணி நேரம் ஒரு தகவலும் கிடைக்காமல் வெளியே நின்றிருந்த கூட்டத்தின் முன், தனியாக, பயிற்சியில்லாமல், நின்றபடியே 'இறந்துவிட்டார்' என்று சொல்ல ஓர் இளைஞரை அனுப்புவது, அக்குடும்பத்துக்கும் அவருக்கும் ஒருசேர இழைக்கப்படும் தீங்கு. மரணச் செய்தியை மூத்த மருத்துவர் சொல்லும்போது அருகில் நின்று கேட்பதும், பின்னர் மூத்தவர் அருகில் நிற்கத் தாம் சொல்வதும், அதன்பிறகே தனியாகச் சொல்வதும் என்ற வரிசை மாறக் கூடாது. தையல் போடக் கற்பிக்கும்போது இவ்வரிசையை எந்த ஆசிரியரும் மீறுவதில்லை.

விரிவுரையில் சொல்லப்படாமல், மூத்தவர்களின் நடத்தையைப் பார்த்து மாணவர் உள்வாங்கிக்கொள்வதைக் கல்வியியலாளர்கள் 'மறைந்திருக்கும் பாடத்திட்டம்' என்று அழைக்கிறார்கள். மருத்துவக் கல்வி சார்ந்து இக்கருத்தை ஃபிரெடரிக் ஹாஃபர்ட்டி 1994-இல் விரிவாக எழுதினார். ரவுண்ட்ஸில் நோயாளியைக் 'கட்டில் ஏழு' என்று குறிப்பிட்டு, அவர் தலைக்கு மேலாக ஆங்கிலத்தில் விவாதித்துவிட்டு, அவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் அடுத்த கட்டிலுக்கு நகரும் பேராசிரியர், அதற்கு முந்திய நாள் நடத்திய ஏட்காம் வகுப்பைத் தாமே அழித்துவிடுகிறார். விவாதம் முடிந்ததும் நோயாளி பக்கம் திரும்பி, பேசியதன் சாரத்தை இரண்டு தமிழ் வாக்கியங்களில் அவருக்குச் சொல்லும் பேராசிரியரைக் கண்ட மாணவர் அதை வாழ்நாள் முழுதும் பின்பற்றுவார். இம்மடலில் உள்ள அனைத்திலும் இதுவே மிக எளியது, மிகப் பெரிய பயன் தருவதும் இதுவே.

தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய செய்முறைத் தேர்வு முறையில் மாணவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிலையங்களுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் குறித்த நிமிடங்களுக்குள் குறித்த ஒரு வேலையைச் செய்து காட்ட, தேர்வாளர் முன்கூட்டியே வகுத்த பட்டியலின்படி மதிப்பெண் இடுகிறார். இதற்குத் துணையாக, பயிற்றுவிக்கப்பட்ட ஒருவர் நோயாளியாக நடிக்கும் முறையை அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1960-களிலேயே உருவாக்கியிருந்தார். தமிழ்நாட்டில் இம்முறைக்குத் தேவையானவை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன: ஓய்வுபெற்ற செவிலியர்களும் நாடகக் கலைஞர்களும் நோயாளியாகவும் உறவினராகவும் நடிக்கலாம், இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் தமிழில் விளக்கம் சொல்லும் நிலையம் ஒன்றைக் கட்டாயமாக்க அதற்குமேல் பெரிய ஏற்பாடு தேவையில்லை. தேர்வில் இல்லாததை மாணவர் படிப்பதில்லை என்று ஆசிரியர்கள் அடிக்கடி வருந்துவதுண்டு. அவ்வருத்தத்துக்கு மருந்து ஆசிரியர்களிடமே இருக்கிறது.

2022 ஜனவரியில் நாமக்கல், விருதுநகர், இராமநாதபுரம், அரியலூர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. பழைய கல்லூரிகளின் வழக்கங்கள் இறுகிவிடாத இப்புதிய இடங்களில் தொடங்குவது எளிது. பழைய கல்லூரிகளில் தொடங்குவது கூடுதல் பயன் தரும், ஏனெனில் அவற்றில்தான் மிகுந்த நோயாளிகளும் மிகுந்த மாணவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியர் ஒரு ஹவுஸ் சர்ஜனை அழைத்து, அவர் ஒரு நோயாளியிடம் பேசுவதைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்டு, பின்னர் தனியே அழைத்துச் சென்று, நன்றாகச் செய்த ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த நோயாளியிடம் அவர் அதை மாற்றிச் செய்வதையும் நின்று பார்க்க வேண்டும். ஆணையத்தின் புதிய சுற்றறிக்கைக்கோ நிதி ஒதுக்கீட்டுக்கோ காத்திருக்கத் தேவையில்லாத இப்பணியை, ஆசிரியப் பெருமக்கள் தத்தம் யூனிட்டில் இந்த வாரமே தொடங்குமாறு இம்மடல் கேட்டுக்கொள்கிறது.